ஐயமும் அறமும்: நெடுந்தூர ஓட்டம் குறித்து ஒரு சிந்தனை

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியிலே கோப்பாயைக் கடந்து சென்றால் வருவது நீர்வேலி. செம்மண்ணும் கிணற்று நீரும் ஓயாத உழைப்பும் ஒன்றுகூடி வாழைக்குப் பெயர்பெற்ற ஊராக அதனை ஆக்கியுள்ளன. ஆண்டின் தொடக்கத்திலே, பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் அணுகும் காலத்தில், குடாநாட்டின் ஏனைய ஊர்களைப் போலவே இவ்வூரின் வீதிகளும் மரதன் ஓட்டத்தைக் காண்கின்றன. நாற்பத்திரண்டு கிலோமீற்றர் ஓடும் ஓட்டமன்று அது. சில கிலோமீற்றர் தூரமே. ஆயினும் அதன் பெயர் மரதன்தான். காலைப் பொழுதிலே சப்பாத்து அணிந்தும் வெறுங்காலுடனும் பிள்ளைகள் ஓடுவர். படலையடியில் நிற்கும் பெரியவர்கள் செம்பிலே நீர் வைத்துக்கொண்டு காத்திருப்பர்.

இவ்வோட்டத்தில் ஒரு சிறு வழக்கம் உண்டு. சந்திகளிலும் திருப்பங்களிலும் ஆசிரியர் ஒருவரோ மூத்த மாணவர் ஒருவரோ நின்று, ஓடிவரும் ஒவ்வொருவர் கையிலும் மையினால் அடையாளமிடுவர். அன்றேல் சிறு அட்டையொன்றைக் கொடுப்பர். காரணம் வெளிப்படை. வாழைத்தோட்டங்களுக்கிடையே ஒழுங்கைகள் பல. அவற்றுள் ஒன்றிற் புகுந்து வெளிப்படுபவன் பாதித் தூரத்தை மிச்சம் பிடித்துவிடலாம். ஏனையோரை நெடுந்தூரம் பின்னே விட்டு ஒரு மாணவன் தனியனாக முடிவுக்கோட்டை அடையும்போது, கூடிநிற்போருள் எவராவது ஒருவர், “ஒழுங்கையாலை வந்திருப்பான்” என்று சொல்லாதிருப்பதில்லை. அந்த வேளையில் அம்மாணவனுக்குத் துணை நிற்பது அவன் கையிலுள்ள மையடையாளம் ஒன்றே.

அந்த அடையாளம் எதனைக் குறிக்கின்றது? பிள்ளைகளை நம்பாமையின் சின்னமா அது? அன்றி, நேர்மையாக ஓடியவனுக்கு ஊர்வாயிலிருந்து அளிக்கப்படும் காப்பா? இச்சிறு வினா, உலகப் பேரரங்குகளில் ஓடுவோரைச் சூழ்ந்துள்ள ஊக்கமருந்து ஐயம் என்ற பெருஞ்சிக்கலின் கருவைத் தன்னுள்ளே கொண்டிருக்கின்றது. வியக்கத்தக்க வேகத்தில் ஒருவர் ஓடி முடிக்கும்போது, அவரைப் போற்றுவதா ஐயுறுவதா என்று இன்றைய பார்வையாளன் தடுமாறுகின்றான். போற்றினால் ஏமாளி ஆகலாம். ஐயுற்றால் குற்றமற்ற ஒருவர்க்குத் தீங்கிழைத்தவன் ஆகலாம். இவ்விரண்டுக்கும் இடையே அறத்தின் வழி யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

சிக்கலின் தன்மையை உணர்வதற்கு உடலின் இயல்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். நெடுந்தூரம் ஓடுபவரின் தசைகளுக்கு இடையறாது ஒட்சிசன் சென்றுசேர வேண்டும். அதனைச் சுமந்து செல்பவை குருதியிலுள்ள செங்கலங்கள். அவற்றின் உற்பத்தியைத் தூண்டுவது சிறுநீரகம் சுரக்கும் எரித்திரோபொயட்டின் என்னும் ஓமோன். மலைநாட்டில் வாழ்பவரிடத்தும் அங்கே பயிற்சி பெறுபவரிடத்தும் இச்சுரப்பு இயல்பாகவே மிகும். கென்யா, எத்தியோப்பியா ஆகிய நாடுகளின் உயர்நில மக்கள் ஓட்டத்திற் சிறந்து விளங்குவதற்கு எடுத்துரைக்கப்படும் காரணங்களுள் இதுவும் ஒன்று. 1980களின் இறுதியில் இவ்வோமோன் நோயாளர்களுக்கான மருந்தாகச் செயற்கை முறையில் ஆக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. நோயுற்றவர்க்கு உயிரளித்த அதே மருந்து, நோயற்றவர் கையில் ஒழுங்கையாயிற்று. அதனைக் கண்டறியும் சோதனை ஒலிம்பிக் அரங்கிலே 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான் நடைமுறைக்கு வந்தது. மருந்து முன்னே செல்ல, சோதனை பல ஆண்டுகள் பின்தங்கி ஓடிற்று.

ஆதலினால் சோதனையில் அகப்படாமை குற்றமின்மைக்குச் சான்றாகாது. 2009ஆம் ஆண்டு முதல் மெய்வல்லுநர் துறையில் ‘உயிரியற் கடவுச்சீட்டு’ என்னும் முறை பயன்படுத்தப்படுகின்றது. மருந்தைத் தேடாமல், ஒருவரின் ஈமோகுளோபின் அளவு முதலியவற்றை ஆண்டுக்கணக்கிற் பதிந்து, இயற்கையால் விளக்கமுடியாத மாற்றம் உண்டா என்று நோக்கும் முறை இது. ஒருவரை மற்றொருவரோடு ஒப்பிடாமல் அவரை அவரோடேயே ஒப்பிடுவது இதன் சிறப்பு. எனினும் மலைப்பயிற்சியும் வெப்பமும் உடல் நீரிழப்பும் இவ்வளவுகளை மாற்ற வல்லவை. எனவே இங்கும் மனிதரின் மதிப்பீடு தேவைப்படுகின்றது. மதிப்பீடு உள்ள இடத்தில் ஐயமும் உண்டு.

ஐயம் எவ்வாறு பிறக்கின்றது என்பதற்குச் சீன வீராங்கனை வாங் ஜுன்சியாவின் வரலாறு தக்க எடுத்துக்காட்டு. 1993ஆம் ஆண்டு செப்டெம்பரில் பீஜிங்கில் நடைபெற்ற சீனத் தேசிய விளையாட்டு விழாவில் அவர் 10,000 மீற்றரை 29 நிமிடம் 31.78 செக்கனில் ஓடினார். அதற்கு முன்னிருந்த உலக சாதனை ஏறத்தாழ 42 செக்கனாற் குறைந்தது. செக்கனின் சிறு பின்னங்களாற் சாதனைகள் முன்னேறும் துறையிலே இஃது ஒரு பாய்ச்சல். பயிற்றுநர் மா ஜுன்ரென், கடுமையான பயிற்சியும் ஆமைக் குருதியும் மூலிகையுமே காரணம் என்றார். உலகம் நம்பவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அச்சாதனை எவராலும் எட்டப்படாது நின்றது. வாங் ஜுன்சியாவும் அவர்தம் தோழியரும் 1995இல் எழுதியதாகக் கூறப்படும் கடிதமொன்று 2016இல் வெளியாயிற்று. மருந்துகளை உட்கொள்ளுமாறு தாங்கள் வற்புறுத்தப்பட்டதாக அது முறையிட்டது. அதே ஆண்டு ரியோவில் எத்தியோப்பியாவின் அல்மாஸ் அயானா அச்சாதனையை முறியடித்தார். அவர்மீது எக்குற்றமும் நிறுவப்படவில்லை. ஆயினும் ஐயத்துக்குரிய சாதனையை முறியடித்த அக்கணமே அவரும் ஐயத்துக்குள்ளானார். ஒரு காலத்துப் பொய், அதன்பின் வருவோர் அனைவர்க்கும் நிழலாகத் தொடர்வதை இங்கே காணலாம்.

ஐயம் என்பது யாது என்பதைத் தமிழிலக்கண நூலார் நன்கு அறிந்திருந்தனர். தொலைவிலே, மங்கிய ஒளியிலே ஓர் உருத் தோன்றுகின்றது. அது மரக்குற்றியோ மனிதனோ தெரியவில்லை. அந்நிலையில் எவ்வாறு பேசுவது? தொல்காப்பியம் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கம் இதற்கு விதி கூறுகின்றது. திணை துணியப்படாதவிடத்து ‘உரு’ என்பது போன்ற பொதுச்சொல்லால் வழங்கவேண்டும். ஆணோ பெண்ணோ என்று துணியப்படாதவிடத்துப் பன்மையால் வழங்கவேண்டும் என்பது அதன் கருத்து. தெளிவு பிறந்த பின்னரே துணிந்து கூறுதல் முறை. இஃது இலக்கண விதியே எனினும் இதனுள் ஓர் அறவிதி பொதிந்திருக்கின்றது. அறியாததை அறிந்ததுபோற் பேசுதல் மொழிக்கே வழுவாகும். ஐயுறுதல் வழுவன்று, ஐயத்தைத் துணிபுபோற் கூறுதலே வழு. குற்றியை மனிதன் என்று வணங்குவோரும், மனிதனைக் குற்றி என்று வெட்டுவோரும் ஒரே பிழையைத்தான் செய்கின்றனர். ஓட்டவீரரைத் தெய்வமாக்குவோரும் அவரைக் கள்வராக்குவோரும் இவ்விரு சாராரை ஒப்பர்.

அண்மைக்கால நிகழ்ச்சியொன்று இதனைத் தெளிவாக்கும். 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆம் நாள் சிக்காகோ நகரில் கென்ய வீராங்கனை ரூத் செப்ங்கெடிச் மரதன் ஓட்டத்தை 2 மணி 9 நிமிடம் 56 செக்கனில் முடித்தார். பெண்களுள் 2 மணி 10 நிமிடத்துக்குட் புகுந்த முதல்வர் அவரே. முந்திய சாதனை ஏறத்தாழ இரண்டு நிமிடங்களாற் குறைந்தது. அன்றே பத்திரிகையாளர் கூட்டத்தில் ஒருவர், இச்சாதனையை ஐயுறுவோர்க்கு என்ன கூறுவீர் என்று அவரிடம் கேட்டார். மக்கள் பேசத்தான் செய்வர் என்ற கருத்தில் அவர் விடையிறுத்தார். அவ்வினாவை அவமதிப்பு எனக் கென்யாவிற் பலர் கண்டித்தனர். மறு ஆண்டு, 2025 மார்ச்சில் அவரிடம் பெறப்பட்ட மாதிரியில் தடைசெய்யப்பட்ட ஐதரோகுளோரோதயசைட் என்னும் மருந்து காணப்பட்டது. குருதியழுத்தத்துக்கு வழங்கப்படும் இம்மருந்து சிறுநீரைப் பெருக்குவது. ஆதலின் வேறு மருந்துகளை மறைக்கவும் உதவக்கூடியது. அவ்வாண்டு ஒக்டோபரில் மூன்றாண்டுத் தடை அறிவிக்கப்பட்டது; அவரும் குற்றத்தை ஏற்றுக்கொண்டார். ஆயினும் மாதிரி பெறப்பட்ட நாளுக்கு முந்திய முடிவுகள் நீக்கப்படவில்லை. சிக்காகோச் சாதனை ஏட்டிலே நிலைத்திருக்கின்றது.

இதிலிருந்து ‘ஐயுற்றவரே வென்றார்’ என்று முடிவுகூறுவது எளிது. அது தவறு. வினவியவர் செய்தது வினவுதல் மட்டுமே, தீர்ப்பளித்தலன்று. வினாவுக்கு விடைகாணும் வாயில் திறந்திருந்தது. விடை காணப்பட்ட பின்னரும், 2025 மார்ச்சிற் கண்டதைக் கொண்டு 2024 ஒக்டோபரில் நிகழ்ந்ததைத் துணிய இயலாது என்று விதி தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொண்டது. பார்வையாளனுக்கு இது மனநிறைவு தராதிருக்கலாம். ஆனால் தெரிந்தது எதுவரை, தெரியாதது எங்கிருந்து என்ற எல்லையை அவ்விதி மதித்தது. அம்மதிப்பே நீதியின் முதற்படி.

மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். 2001ஆம் ஆண்டு கனடாவின் எட்மன்டன் நகரில் உலக மெய்வல்லுநர் போட்டிகள் நடைபெற்றன. எரித்திரோபொயட்டின் சோதனையில் அகப்பட்டும், சோதனைமுறை முழுமையாகப் பின்பற்றப்படாமையால் விடுவிக்கப்பட்ட ரஷ்ய வீராங்கனை ஒல்கா யெகொரோவா அங்கு ஓடினார். பார்வையாளர் இருக்கையிலிருந்து பிரித்தானிய வீராங்கனை போலா ராட்கிளிஃப், ஏமாற்றுவோர் வெளியேற வேண்டும் என்னும் பொருள்பட எழுதிய பலகையொன்றை உயர்த்திப் பிடித்தார். பின்பு 2003இல் இலண்டனில் 2 மணி 15 நிமிடம் 25 செக்கனில் மரதன் ஓடி, பதினாறு ஆண்டுகள் நிலைத்த உலக சாதனையை அவர் படைத்தார். 2015இல் வீரர்களின் குருதி அளவுகள் பற்றிய பதிவுகள் பத்திரிகைகளிற் கசிந்தபோது, ஐயத்தின் விரல் அவரையே சுட்டியது. ஓட்டம் முடிந்த உடனே பெறப்பட்ட மாதிரி, மலைப்பயிற்சிக் காலத்து மாதிரி என்பவற்றைச் சூழ்நிலையிலிருந்து பிரித்து நோக்கியதால் எழுந்த பிழை அது என விளக்கப்பட்டு, அவர் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார். நேர்மைக்காகப் பலகை தூக்கியவரும், ‘இல்லை’ என்பதை நிறுவுதல் எத்துணை அரிது என்பதைத் தம் வாழ்விலே கண்டார். செய்ததை நிறுவச் சான்று கிட்டும். செய்யாமைக்குச் சான்று எங்கே கிட்டும்?

நீர்வேலி வாழைத்தோட்டக்காரர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். சந்தையிலே இரசாயனம் இட்டுப் பழுக்கவைத்த குலைகள் வரத் தொடங்கினால், இயல்பாகப் பழுத்த கதலிக்குலையையும் கொள்வோர் புரட்டிப் புரட்டிப் பார்ப்பர். பழத்தின் நிறம் எவ்வளவுக்கு எழிலாக இருக்கின்றதோ அவ்வளவுக்கு ஐயமும் மிகும். ஏமாற்றியவன் கொள்வோனை மட்டும் ஏமாற்றவில்லை. உண்மையாக விளைவித்த அயலவனின் சொல்லையும் மதிப்பிழக்கச் செய்துவிட்டான். ஊக்கமருந்து உட்கொள்பவர் களவாடுவது ஒரு பதக்கத்தை மட்டுமன்று. தமக்குப் பின் அரிய செயல் புரிவோர் அனைவருக்கும் உரிய வியப்பையும் அவர் களவாடுகின்றார்.

எனினும், கொள்வோன் குலையைப் புரட்டிப் பார்ப்பது ஒன்று. ‘அந்த ஊர்க்காரர் எல்லோருமே இப்படித்தான்’ என்பது வேறொன்று. கென்யர் என்றால் ஐயம், ரஷ்யர் என்றால் ஐயம், சீனர் என்றால் ஐயம் என்னும் போக்கு விளையாட்டுலகில் வேரூன்றியுள்ளது. இந்நாடுகளில் ஊக்கமருந்துக் குற்றங்கள் மிகுதியாகக் காணப்பட்டமை உண்மையே. ஆனால் மிகுதி என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய செய்தி. எதிரே நிற்கும் ஒருவரைப் பற்றிய செய்தியன்று. பிறந்த ஊராலும் பேசும் மொழியாலும் ஒருவர் ஐயத்துக்குள்ளாதல் என்றால் என்ன என்பதை யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. போர்க்காலச் சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி நின்ற தலைமுறை அது. அங்கே கேட்கப்பட்ட வினா ‘நீ என்ன செய்தாய்?’ என்பதன்று, ‘நீ யார்?’ என்பதே. முதல் வினாவுக்கு விடையுண்டு. இரண்டாம் வினா ஐயத்தோடு கேட்கப்படும்போது, எந்த விடையும் போதுவதில்லை.

செயலைப் பற்றிய ஐயத்துக்கும் இருப்பைப் பற்றிய ஐயத்துக்கும் உள்ள இவ்வேறுபாட்டைத் தமிழ்நாட்டைச் சேர்ந்த இரு பெண்களின் வரலாறு உணர்த்துகின்றது. இருவரும் 800 மீற்றர் ஓடியவர்கள். இருவரும் உழைக்கும் எளிய குடும்பங்களிற் பிறந்தவர்கள். இருவரும் கட்டார் நாட்டின் டோஹா நகரிலே ஆசியப் பதக்கம் வென்று, பின்னர் அதனை இழந்தவர்கள். புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2006ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டு விழாவில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். திருச்சிராப்பள்ளி மாவட்டத்து முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் 2 நிமிடம் 2.70 செக்கனில் ஓடித் தங்கப் பதக்கம் பெற்றார்.

கோமதியிடம் பெறப்பட்ட மாதிரிகளில் நான்ட்ரோலோன் என்னும் தடைமருந்தின் எச்சம் காணப்பட்டது. நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது, பதக்கமும் நீங்கிற்று. தாம் ஒருபோதும் தடைமருந்தை உட்கொண்டதில்லை என்று அவர் கூறினார். இங்கே எழும் வினா கடினமானது. விளையாட்டு விதியின்படி, உடலிற் காணப்பட்ட பொருளுக்கு உடலுக்குரியவரே பொறுப்பு. அஃது எவ்வாறு வந்தது என்பது அடுத்த வினா. நான்ட்ரோலோன் போன்ற மருந்துகளைப் பொறுத்தவரை, வேண்டுமென்று உட்கொள்ளவில்லை என்று நிறுவும் பாரமும் ஓடுபவர் தலைமேலேயே விழுகின்றது. நீதிமன்றத்திலே குற்றஞ்சாட்டுவோர் சுமக்கும் பாரத்தை இங்கே குற்றஞ்சாட்டப்பட்டவர் சுமக்கின்றார்.

இவ்விதியை அறமற்றதென ஒதுக்கிவிடவும் இயலாது. உள்ளத்தின் நோக்கத்தை நிறுவினாலன்றித் தண்டனையில்லை என்றால் ஒருவரும் தண்டனை பெறார். ‘அறியேன்’ என்ற ஒரு சொல் அனைவரையும் காக்கும். மேலும் மருந்து எவ்வழியாக வந்திருப்பினும், அவ்வோட்டம் சமநிலை ஓட்டமன்று. இரண்டாவதாக வந்தவரும் உழைத்தவரே. அவருக்குரியது அவரைச் சேரவேண்டும். ஆகவே பதக்கத்தை நீக்குதல் முறையானது. அது ஓட்டத்தைப் பற்றிய தீர்ப்பு. ஆனால் ‘இவர் ஏமாற்றுக்காரர்’ என்பது உள்ளத்தைப் பற்றிய தீர்ப்பு. முதலாவதற்கு ஆய்வுகூடம் போதும். இரண்டாவதற்கு ஆய்வுகூடம் போதாது. செல்வமுடைய நாட்டு வீரர் தம் உணவையும் சத்துமருந்தையும் ஆய்வுக்கனுப்பி, வழக்கறிஞரையும் அமர்த்த வல்லவர். கிராமத்து வீராங்கனைக்கு அவ்வசதி ஏது? ஒரே விதி இருவர்மீதும் ஒரே பாரமாக அமைவதில்லை. தகுதியிழப்பையும் இழிவையும் பிரித்துப் பேசப் பொதுமக்கள் கற்றுக்கொண்டால், விதியின் கடுமை சிறிதாவது அறத்தோடு இணங்கும். வென்ற நாளிற் சூழ்ந்து மாலையிட்டவர்கள், வீழ்ந்த நாளில் வீட்டுவழி மறந்துவிடுதல் எவ்விதியாலும் விதிக்கப்பட்டதன்று.

சாந்தியின் வரலாறு வேறு. அவர் எதனையும் உட்கொள்ளவில்லை. உட்கொண்டதாக எவரும் கூறவுமில்லை. அவர் பெண்தானா என்பதே அங்கு எழுப்பப்பட்ட ஐயம். சோதனை நடைபெற்றது, அதன் முடிவு ஊடகங்களில் உலகறிய வெளியிடப்பட்டது, பதக்கம் பறிக்கப்பட்டது. ஒருவரின் உடலினுட் பொதிந்த செய்தி, அவரே செரித்துக்கொள்ளுமுன் சந்திக்கு வந்தது. பிற்காலத்தில் அவர் செங்கற்சூளையிற் கூலிவேலை செய்தமை 2012இல் செய்தியாயிற்று. அதன் பின்னர் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திற் பயிற்றுநர் பதவி அவருக்குக் கிடைத்தது. பெண்கள் போட்டிக்கு ஓர் எல்லை வேண்டும் என்னும் வாதத்தில் நியாயம் இருக்கலாம். அவ்வெல்லையை வரையும் விதிகள் அதன்பின் பலமுறை மாறியும் உள்ளன. ஆனால் இயற்கை தந்த உடலோடு ஓடிய ஒருவரை, மருந்துண்டு ஏமாற்றியவரோடு ஒரே தட்டில் நிறுத்தி நோக்கிய பார்வை மன்னிக்கத்தக்கதன்று. ஆணோ பெண்ணோ என்று துணியாதவிடத்துப் பொதுவாகப் பேசுக என்று இலக்கணம் வகுத்த மொழிக்குரிய மண்ணிலிருந்து சென்ற பெண், அந்தச் சிறு நாகரிகத்தைக்கூட உலகிடமிருந்து பெறவில்லை.

சோதிப்பவரை யார் சோதிப்பது என்னும் வினாவும் ஒதுக்கத்தக்கதன்று. 1999 முதல் 2015 வரை உலக மெய்வல்லுநர் சங்கத்தின் தலைவராக இருந்த லாமின் டியாக், ரஷ்ய வீரர்களின் ஊக்கமருந்து விவகாரங்களை மறைக்கப் பணம் பெற்ற ஊழலில் 2020இல் பரிஸ் நீதிமன்றத்தாற் குற்றவாளியாகக் காணப்பட்டார். சிக்காகோவிலும் இலண்டனிலும் வென்ற மரதன் வீராங்கனை லிலியா ஷோபுகோவா, தம் தவறு வெளிவராதிருக்க ஏறத்தாழ 450,000 யூரோ கொடுத்தமை அவ்விவகாரத்தில் வெளியாயிற்று. வேலியே பயிரை மேய்ந்த கதை இது. இதன் விளைவு யாது? குற்றமிழைத்தவர் சிலர் காக்கப்பட்டமை மட்டுமன்று. ‘சோதனையில் தேறினேன்’ என்று நேர்மையாளர் கூறும் சொல்லும் பெறுமதியிழந்தது. மையடையாளத்தை விலைக்கு விற்கும் ஆசிரியன், ஒழுங்கையிற் புகுந்தவனைவிடப் பெரிய தீங்கைச் செய்தவனாவான்.

இலங்கை மக்கள் மறக்கவியலாத நிகழ்ச்சியொன்று குறுந்தூர ஓட்டத்தைச் சார்ந்ததாயினும் ஈண்டு நினைக்கத்தக்கது. சுசந்திகா ஜயசிங்கமீது 1998ஆம் ஆண்டு ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு எழுந்தது. பின்னர் அவர் அதிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஐயத்தின் நிழலோடு சிட்னிக்குச் சென்று 2000ஆம் ஆண்டு 200 மீற்றரில் மூன்றாவதாக வந்தார். அன்று முதலிடம் பெற்று உலகின் பாராட்டைச் சுமந்து சென்றவர் அமெரிக்காவின் மேரியன் ஜோன்ஸ். ஏழாண்டுகளின் பின், 2007இல், தாம் ஊக்கமருந்து உட்கொண்டமையை ஜோன்ஸ் ஒப்புக்கொண்டார், பதக்கங்களை இழந்தார். சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாயிற்று. போற்றப்பட்டவரிடம் பொய்யும், ஐயுறப்பட்டவரிடம் பதக்கத்துக்குரிய உரிமையும் இருந்தன. திருத்தம் வந்தது, ஆனால் சிட்னி அரங்கில் அன்றிரவு வெள்ளிக்குரிய மேடையில் நின்றிருக்க வேண்டிய கணம் மீண்டும் வரவில்லை.

ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து தெளிந்தபின் அவரையே ஐயுறுவதும் தீராத துன்பத்தைத் தரும் என்பது தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் கண்ட முடிவு. அரசன் அமைச்சரைத் தேர்தல் குறித்துக் கூறப்பட்டதாயினும் ஈண்டும் அது பொருந்தும். அதனை அடியொற்றி ஐயத்துக்குரிய அறத்தை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, ஐயம் செயலைப் பற்றியதாக இருத்தல் வேண்டும். பிறப்பையோ நாட்டையோ உடலின் இயல்பையோ பற்றியதாக இருத்தலாகாது. இரண்டாவது, ஐயம் விடை பெறக்கூடிய இடத்தில் எழுப்பப்படல் வேண்டும். ஆய்வுக்குழுவின் முன் எழும் ஐயத்துக்கு முடிவுண்டு. தேநீர்க்கடையில் எழும் ஐயத்துக்கு முடிவில்லை. மூன்றாவது, ஐயம் அனைவர்மீதும் சமமாக விழுதல் வேண்டும். முன்னே வந்தவரை மட்டும் சோதிப்பதாயின் சோதனையே தண்டனையாகிவிடும். எல்லோரையும் சோதிப்பதாயின் அது முறைமையாகும்.

இம்மூன்றையும் மேற்கொண்டாலும் ஐயம் முற்றாக நீங்கிவிடாது. அறியமுடியாதவை சில என்றும் எஞ்சியிருக்கும். அவ்விடத்தே மனிதன் செய்யத்தக்கது, துணியாதிருக்கும் பொறுமையைப் பழகுதலே. ஓட்டம் அரியது என்று கூறலாம். ஓடியவரைப் பற்றிய முடிவை ஒத்திவைக்கலாம். இதனைக் கோழைத்தனம் என்பாரும் உளர். ஆனால் இரு பக்கத்து ஆரவாரத்துக்கும் நடுவே, தெரியாது என்று சொல்லி நிற்பதற்கு வேண்டும் துணிவு சிறிதன்று. பார்வையாளன் பிழையாகத் துணிந்தால் அவனுக்கு இழப்பொன்றுமில்லை. நாளை வேறொன்றைப் பேசுவான். ஓடியவருக்கோ வாழ்நாள் முழுவதும் போகலாம். இழப்பு முழுவதும் ஒரு பக்கத்தில் இருக்கும்போது, நிதானம் மறுபக்கத்தின் கடமையாகின்றது.

நீர்வேலிச் சந்தியில் மைக்குச்சியோடு நிற்கும் ஆசிரியர் இவற்றை எல்லாம் சிந்திக்க வேண்டியவரல்லர். எனினும் அவர் செய்வதில் இவையனைத்தும் அடங்கியிருக்கின்றன. முதலில் வருபவனுக்கும் இறுதியில் மூச்சிரைக்க வருபவனுக்கும் அவர் ஒரேபடியாக அடையாளமிடுகின்றார். எவனுடைய மகன், எந்த ஒழுங்கையைச் சேர்ந்தவன் என்று அவர் கேட்பதில்லை. இவ்வழியால் வந்தாயா என்பதே அவர் கேட்கும் வினா. கையை நீட்டுவதே விடை. அந்த மை மாலையிலே கிணற்றடியிற் கழுவப் போய்விடும். அதுவரை அது அப்பிள்ளைக்காகப் பேசும்.